கொசுவைத் தாண்டாத வைரஸ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொசு, வைரஸ் என்று சேர்த்துச் சொன்னாலே டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா இவைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வெளியில் பிடித்து வரும் கொசுக்களைச் சோதித்தால் பெரும்பாலும் கிடைப்பவை மனிதரைத் தொடாத வைரஸ்கள். அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்த பிறகு அவை என்ன ரகம் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது பற்றி மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பூச்சிகளில் மட்டும் வாழும் வைரஸ் என்றால் என்ன?

டெங்கு வைரஸுக்கு இரண்டு வீடு உண்டு. கொசுவின் உடலிலும் பெருகும், மனித உடலிலும் பெருகும். நாம் இங்கே பேசும் வைரஸ்களுக்குப் பூச்சி மட்டும்தான் வீடு. கொசுவின் செல்களில் நன்றாகப் பெருகும்; பாலூட்டி, பறவை போன்ற முதுகெலும்பிகளின் செல்களில் பெருகாது. இதில் கவனிக்க வேண்டியது, இவற்றில் பல டெங்குவுக்கு நெருங்கிய சொந்தங்கள் என்பது. ஃபிளேவி வைரஸ்கள், ஆல்ஃபா வைரஸ்கள், புன்யா வைரஸ்கள் என்று நோய் பரப்பும் வைரஸ்களுக்குப் பெயர்போன குடும்பங்கள் எல்லாவற்றிலும் இப்படிக் கொசுவோடு நின்றுவிடும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மெசோனி வைரஸ்கள், நெகெ வைரஸ்கள் போல, இதுவரை பூச்சிகளில் மட்டுமே பார்க்கப்பட்ட குழுக்களும் உண்டு.

அப்படிப்பட்ட கொசு கடித்தால் நமக்கு ஏதாவது ஆகுமா?

அந்த வைரஸால் ஆகாது. ஆனால் அதே கொசுவில் டெங்குவும் சேர்ந்து இருக்கலாம், அதனால் கொசுவலையை மடித்து வைத்துவிட வேண்டாம்.

முதல் வைரஸை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

யாரும் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. 1975-இல் அமெரிக்காவில் விக்டர் ஸ்டாலரும் அவருடன் பணியாற்றிய தாமஸும் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்துவந்த ஏடிஸ் எஜிப்டி என்ற கொசுவின் செல்களின் வளர்ப்பு நீரை எடுத்து ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு கொசுவின் செல்களின் மேல் ஊற்றினால், அந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பல உட்கருக்கள் கொண்ட பெரிய திரளாக மாறின. எஜிப்டி செல்களோ எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு வைரஸ் அமைதியாகக் குடியிருந்திருக்கிறது. செல்களை இணைக்கும் காரணி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பாலூட்டிகளின் செல்களில் அது வளரவில்லை. 1992-இல் அதன் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டபோது டெங்குவின் குடும்பமான ஃபிளேவி வைரஸ்களோடு அது சேர்ந்தது.

அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. இது ஆய்வகச் செல்களில் மட்டும் காணப்படும் விந்தையா, வெளியில் திரியும் கொசுவிலும் உண்டா? அதற்கு முதல் நல்ல பதில் கென்யாவிலிருந்து வந்தது. 1999-இல் அங்கே மழைநீர் தேங்கும் புல்வெளிப் பள்ளங்களிலிருந்து ஏடிஸ் மெக்கின்டோஷி என்ற கொசுவின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் எடுத்துவந்து, ஆய்வகத்தில் கொசுவாகும் வரை வளர்த்தார்கள். அவற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் கமிட்டி ஆற்று வைரஸ், 2003-இல் வெளியானது. அந்தக் கொசுக்கள் வெளியில் எந்த விலங்கின் ரத்தத்தையும் குடித்தவை கிடையாது. அப்படியானால் வைரஸ் எங்கிருந்து வந்தது? தாய்க்கொசுவின் முட்டை வழியாக வந்திருக்க வேண்டும் என்பதே இயல்பான விடை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு என்று பெயர் வாங்கியிருந்த ஓர் இனத்தில், நோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வைரஸ் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது.

ஸ்டாலர் கண்ட வைரஸும் பிறகு வெளிக்கொசுக்களில் கிடைத்தது. போர்ட்டோ ரிக்கோவில் பிடித்த கொசுக்களில் ஆணிலும் பெண்ணிலும் அது இருந்ததை 2006-இல் அறிவித்தார்கள். ஆண் கொசு ரத்தம் குடிப்பதே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு, அதுவும் அடித்தளத்திலேயே. 1967-இல் புனேயின் வைரஸ் ஆய்வு மையத்தில் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ் புழுக்களிலிருந்து தொடர்ந்து வளரக்கூடிய செல் வரிசை ஒன்றை உருவாக்கினார். அதிலிருந்து டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் நன்றாக இடம்கொடுக்கும் ஒரு கிளையை 1978-இல் ஜப்பானியரான இகராஷி பிரித்தெடுத்தார். அதுதான் சி6/36. இன்று உலகில் கொசு வைரஸைப் பிரித்தெடுக்கும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இன்குபேட்டரில் இந்தச் செல் இருக்கும். அந்த மையம்தான் இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்.

சி6/36-இல் வைரஸ்கள் ஏன் இவ்வளவு சுலபமாக வளர்கின்றன என்பது 2010 வாக்கில்தான் தெரிந்தது. கொசு செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை வெட்டிப் போடும் டைசர்-2 என்ற நொதி உண்டு. இந்தச் செல்லில் அது பழுதாகியிருக்கிறது. காவல் இல்லாததால் மற்ற செல்களில் தலைகாட்டாத வைரஸ்கூட இதில் வெளியே வந்துவிடும்.

கொசுவைப் பிடிப்பது முதல் ஆய்வகம் வரை என்ன நடக்கிறது?

விளக்கும் விசிறியும் கொண்ட சி.டி.சி. ஒளிப்பொறி, ஏடிஸுக்கு பி.ஜி. சென்டினல் பொறி, முட்டையிட வரும் கியூலெக்ஸுக்கு நாற்றமெடுத்த நீர் வைத்த பொறி என்று கொசுவுக்கேற்ப பொறி மாறும். பக்கத்தில் டிரை ஐஸ் வைத்தால் அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை மூச்சுக்காற்று என்று நினைத்துக் கொசு வரும்.

காலையில் பொறிப்பையை எடுத்ததும் ஓட்டம் தொடங்கிவிடும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் குளிர் விட்டுப்போகக் கூடாது. கொசுக்களைக் குளிர வைத்து மயங்கச் செய்து, ஐஸ் மேல் வைத்த தட்டில் கொட்டி, நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். மார்பின் மேல் வீணை வடிவில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் எஜிப்டி. நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு என்றால் அல்போபிக்டஸ். பொறியின் விசிறியில் அடிபட்டுச் செதில் உதிர்ந்த கொசு என்றால் இதிலேயே தடுமாற்றம் வரும். அடுத்து வயிற்றைப் பார்க்க வேண்டும். ரத்தம் குடித்து உப்பிச் சிவந்த கொசுவைத் தனியாக எடுத்து வைப்பது அவசியம். மாட்டு ரத்தத்தோடு மாட்டின் வைரஸும் உள்ளே போயிருக்கும். அதைக் கொசுவின் வைரஸ் என்று எழுதிவிடக் கூடாது. முடிந்தால் ஆண் கொசுக்களையும் புழுக்களையும் சேகரித்து வையுங்கள். நோய் தேடும் கணக்கெடுப்புகளில் ஆண் கொசுவை வீசி எறிவது வழக்கம். இந்த ஆய்வில் அதுதான் பொன்னானது, ஏனென்றால் அதில் கிடைக்கும் வைரஸ் விலங்கின் ரத்தத்திலிருந்து வந்திருக்க வழியில்லை.

இனம், பால், இடம், தேதி வாரியாகப் பிரித்து, ஒரு குழாய்க்கு 25 அல்லது 50 கொசு என்று போட்டு, குளிர்ந்த ஊடகத்தில் சிறு மணிகளோடு சேர்த்து அரைத்து, மையவிலக்கில் சுற்றி, மேலே தெளிந்து நிற்பதை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் நின்றுவிடும், வைரஸ் கீழே இறங்கும். ஒரு பகுதி செல் வளர்ப்புக்கு, ஒரு பகுதி வரிசைமுறைக்கு (அதாவது ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிப்பதற்கு), மிச்சம் மைனஸ் 80 டிகிரிக்கு.

ஏன் கொத்தாக அரைக்க வேண்டும்? ஒவ்வொரு கொசுவாகப் பார்க்க முடியாதா?

செலவுதான் காரணம். கொத்தாக அரைத்தால் வைரஸ் இருக்கிறது என்று தெரியும். 50 கொசுவில் ஒன்றில் இருந்ததா, எல்லாவற்றிலும் இருந்ததா என்று தெரியாது. எந்த இரண்டு வைரஸ்கள் ஒரே கொசுவில் சேர்ந்து வாழ்கின்றன என்பதும் தெரியாது. இப்போது தனித்தனிக் கொசுவையே வரிசைப்படுத்த முடிகிறது. கலிபோர்னியாவில் பிடித்த 148 கொசுக்களை அப்படித் தனித்தனியாகப் படித்து 2021-இல் வெளியிட்டார்கள். அந்தத் தரவிலேயே கொசுவின் இனம், அது கடைசியாக யார் ரத்தத்தைக் குடித்தது, அதற்குள் என்ன வைரஸ் என்று மூன்றுக்கும் பதில் கிடைக்கிறது.

செல்லில் வைரஸ் வளர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

வடித்த திரவத்தை சி6/36 செல்களின் மேல் விட்டு, 28 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். சில வைரஸ்கள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்: செல்கள் உருண்டு திரண்டு, தரையை விட்டுக் கழன்று, நீரில் மிதக்கும். நெகெ வைரஸ்கள் இதில் மிக வேகம். பல ஃபிளேவி வைரஸ்கள் ஒரு சலனமும் காட்டாது. அதனால் செல்கள் நன்றாக இருக்கின்றன என்று பார்த்துக் குப்பையில் போடக் கூடாது. வளர்ப்பு நீரை எடுத்துப் புதிய செல்களுக்கு மாற்றி, இரண்டு மூன்று சுற்று ஓட்டி, அதன் பிறகு பி.சி.ஆர். செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு 2015-இல் இதற்கு ஓர் அருமையான வழி சொன்னது. ஆர்.என்.ஏ. வைரஸ் பெருகும்போது செல்லில் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கொண்டு சோதித்தால், எந்தக் குடும்ப வைரஸ் என்று முன்கூட்டியே தெரியாமலே இருப்பைக் கண்டுகொள்ளலாம். பி.சி.ஆருக்கு என்ன தேடுகிறோம் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. ஆய்வகச் செல்களிலேயே வைரஸ் குடியிருக்கலாம். பரவலாகப் பயன்படும் ஏஏஜி2 என்ற எஜிப்டி செல் வரிசையில் செல்களை இணைக்கும் வைரஸும், ஃபாசி சரோயன் வகை வைரஸும் நிரந்தரமாக இருக்கின்றன. கொசு திரவம் விடாத வெறும் செல்லையும் அதே நாளில், அதே முறையில் சோதிக்காமல் ‘புதிய வைரஸ்’ என்று சொல்லவே கூடாது.

இப்போதுதான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிடலாமே, செல்லில் வளர்க்கும் சிரமம் எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரிசைமுறைக் கருவிகள் இந்தத் துறையையே புரட்டிப் போட்டன என்பதில் சந்தேகமில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, முதுகெலும்பற்ற உயிரினங்களிலிருந்து 1,445 ஆர்.என்.ஏ. வைரஸ்களை ஒரே மூச்சில் விவரித்தது. வளர்க்க முடியாத வைரஸையும் பார்க்க முடிவது பெரிய லாபம். ஆனால் கணினித் திரையில் வரும் ஒரு மரபணுத் தொடர் மூன்று கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லாது.

முதலாவது, அது கொசுவின் வைரஸ்தானா? கொசுவை முழுசாக அரைக்கிறோம். அதன் குடலில் இருந்த பூஞ்சை, ஒட்டியிருந்த உண்ணி, உள்ளே இருந்த ஒட்டுண்ணி, குடித்த பூந்தேன் எல்லாம் சேர்ந்தே அரைபடுகின்றன. அவற்றின் வைரஸ்களும் கூடவே வரும்.

இரண்டாவது, அது உயிர்ப்போடு பெருகும் வைரஸா, கொசுவின் டி.என்.ஏ.வில் எப்போதோ ஒட்டிக்கொண்ட பழைய துண்டா? ஏடிஸ் கொசுக்களின் மரபணுத்தொகுதியில் ஃபிளேவி வைரஸ் துண்டுகள் கிடப்பது 2004-இலேயே தெரியும். அவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதும் உண்டு, ஆகவே தரவில் வைரஸ் போலவே தெரியும். இவை வெறும் குப்பையும் கிடையாது. தாய்லாந்து எஜிப்டி கொசுக்களில் இருந்த அப்படி ஒரு துண்டை மரபணு வெட்டும் முறையில் நீக்கியபோது, அதற்கு நெருக்கமான செல் இணைக்கும் வைரஸ் கொசுவின் சூலகத்தில் கூடுதலாகப் பெருகியது என்று 2020-இல் காட்டினார்கள். பழைய தொற்றின் துண்டே புதிய தொற்றுக்கு எதிராகக் கொசுவுக்கு உதவுகிறது.

மூன்றாவது, துண்டு துண்டான மரபணுத்தொகுதி கொண்ட வைரஸ் என்றால் எந்தத் துண்டு எதோடு சேர்ந்தது?

இவற்றில் முதல் இரண்டுக்குச் சிறிய ஆர்.என்.ஏ.க்கள் நன்றாக உதவும். கொசு தன் செல்லில் பெருகும் வைரஸை வெட்டும்போது சரியாக 21 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் எழுத்து) நீளமுள்ள துண்டுகள் வைரஸின் இரண்டு இழைகளிலிருந்தும், மரபணுத்தொகுதி முழுவதும் பரவலாகக் கிடைக்கும். இந்த அடையாளம் தெரிந்தால் கொசுவின் செல்லுக்குள் வைரஸ் பெருகியது என்று நம்பலாம். ஒரே திசையில், 24 முதல் 30 வரை நீளமுள்ள துண்டுகள் மட்டும் வந்தால் டி.என்.ஏ.வில் ஒட்டிய துண்டாக இருக்கலாமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

என் கருத்தைத் திட்டமாகச் சொல்கிறேன். தொடரை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது பதிவுக்குச் சரி. அது எந்த உயிரில் வாழ்கிறது, என்ன செய்கிறது என்று சொல்லக் கையில் வைரஸ் வேண்டும். செல் வளர்ப்புக்கு ஆளும் நேரமும் ஒதுக்குவது குறைந்துகொண்டே வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

பூச்சிக்கு மட்டும்தான் என்று எப்படி நிரூபிக்கிறார்கள்?

குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ, ஹாம்ஸ்டரின் பி.எச்.கே-21, பறவைச் செல்கள், சில சமயம் தவளைச் செல்கள் என்று பலவற்றில் வைரஸை விட்டுப் பார்ப்பார்கள். பல சுற்று மாற்றியும் வளரவில்லையா என்று பார்க்க வேண்டும். வெப்பநிலையையும் மாற்றிப் பார்ப்பது முக்கியம். 37 டிகிரியில் வளராதது வெப்பம் தாங்காததாலா, செல்லே ஒத்துவராததாலா என்பது 28 டிகிரியிலும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதை முழுமையாகச் செய்ததற்கு நல்ல உதாரணம் எய்லாட் வைரஸ். இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் 1980-களின் தொடக்கத்தில் பிடித்த அனோபிலிஸ் கூஸ்டானி கொசுக்களிலிருந்து கிடைத்தது. 2012-இல்தான் விரிவாக ஆராயப்பட்டு வெளியானது. சிக்குன்குனியாவின் குடும்பமான ஆல்ஃபா வைரஸ்களில் இப்படிக் கொசுவோடு நிற்பது என்று காட்டப்பட்ட முதல் வைரஸ். முதுகெலும்பிகளின் செல்லுக்குள் அது நுழையவில்லை. சரி, நுழைவதுதான் தடையா? வைரஸின் ஆர்.என்.ஏ.வை மின்துடிப்பு மூலம் நேரடியாகச் செல்லுக்குள் செலுத்தினார்கள். அப்போதும் பெருகவில்லை. வாசலிலும் தடை, உள்ளேயும் தடை.

மரபணுத் தொடரிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. முதுகெலும்பிகளில் வாழும் ஃபிளேவி வைரஸ்களில் சி, ஜி என்ற மரபணு எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடங்கள் குறைவு, ஏனென்றால் நம் செல்கள் அதை அந்நிய ஆர்.என்.ஏ. என்று கண்டுகொள்ளும். கொசுவில் மட்டும் வாழ்பவற்றில் அந்தக் குறைவு இல்லை. இது குறிப்பு மட்டும்தான், செல் சோதனைக்கு மாற்றாகாது.

இவற்றால் கொசுவை டெங்கு பரப்பாமல் தடுக்க முடியுமா?

ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு அருகே கிடைத்த பாம் கிரீக் வைரஸ், தான் முதலில் குடியேறிய செல்லில் வெஸ்ட் நைல் வைரஸும் முர்ரே பள்ளத்தாக்கு மூளைக்காய்ச்சல் வைரஸும் பெருகுவதைக் குறைத்தது. பிரேசிலின் பன்டனால் சதுப்புநிலத்தில் கிடைத்த நுமிரிம் வைரஸும் வெஸ்ட் நைலைக் குறைத்தது. 2019-இல் உயிருள்ள எஜிப்டி கொசுக்களிலேயே, செல் இணைக்கும் வைரஸ் டெங்குவும் ஜிகாவும் உடலெங்கும் பரவுவதைக் குறைத்ததாகக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் தவறான படம் மனதில் தங்கிவிடும். 2023-இல் வந்த ஓர் ஆய்வு நேர்மாறானதைச் சொன்னது. தாய்லாந்தில் முதலில் கிடைத்த ஃபாசி சரோயன் வகை வைரஸும், பிரேசிலின் ஹுமைட்டா-டுபியகங்கா வைரஸும் உள்ள எஜிப்டி கொசுக்களில் டெங்கு அதிகமாக இருந்தது. டெங்குவுக்குத் தேவைப்படும் ஹிஸ்டோன் எச்4 என்ற புரதத்தின் அளவு கொசுவில் குறையாமல் இவை பார்த்துக்கொள்கின்றன என்று விளக்கமும் தந்தார்கள். ஆக, எந்த வைரஸ், எந்தக் கொசு, எந்த ஊர் என்று பார்க்காமல் பொதுவாகச் சொல்ல வழியில்லை. ஒன்றை வெளியில் விடுவதற்கு முன் அந்த ஊர்க் கொசுவில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுப்பதே முதல் வேலை.

தடுப்பூசிக்குப் பயன்படுத்துகிறார்களாமே?

ஆமாம், எனக்கு அதிக நம்பிக்கை தரும் பயன் இதுதான். எய்லாட் வைரஸின் உள் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, வெளிப்புறப் புரதங்களை மட்டும் சிக்குன்குனியாவிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். இந்தக் கலவை கொசு செல்லில் ஏராளமாக வளரும், வெளித்தோற்றத்தில் சிக்குன்குனியாவேதான். நம் செல்லுக்குள் நுழைந்தாலும் பெருக முடியாது. ஒரே தவணையில் எலிகளையும் குரங்குகளையும் அது நோயிலிருந்து காத்தது என்று 2017-இல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் கிடைத்த பின்ஜாரி வைரஸை வைத்து டெங்கு, ஜிகா முதலியவற்றுக்கும் இதே முறையில் செய்து 2019-இல் காட்டினார்கள். நோய் கண்டறியும் சோதனைகளுக்கான ஆன்டிஜெனையும் இப்படி ஆபத்தில்லாமல் தயாரிக்கலாம்.

இன்றைக்குக் கொசுவில் மட்டும் இருப்பது நாளைக்கு மனிதருக்குத் தாவிவிடாதா?

நீண்ட பரிணாம வரலாற்றில் அப்படி நடந்திருக்கிறது என்றே தெரிகிறது. கோட் டிவோரில் பிடித்த கொசுக்களின் புன்யா வைரஸ்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டவர்கள், அந்தக் குடும்பத்தின் நோய் தரும் வைரஸ்கள் பூச்சி வைரஸ்களிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். பூச்சி வைரஸ்கள் வெப்பம் ஏற ஏறச் சீக்கிரமே பெருகுவதை நிறுத்திவிட்டன. வெப்பம் தாங்குவது, நம் செல்லுக்குள் நுழைவது, உள்ளே பெருகுவது, நம் எதிர்ப்பைச் சமாளிப்பது என்று பல தடைகளை ஒருசேரத் தாண்ட வேண்டும். நாளைக்கே நடக்கும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

புதிய வைரஸ் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்து என்ன செய்வது?

முதலில், அரைத்த அதே மாதிரியிலிருந்து புதிதாக ஆர்.என்.ஏ. எடுத்து மறுபடி பி.சி.ஆர். செய்யுங்கள், வெறும் செல்லிலும் செய்யுங்கள். டி.என்.ஏ.விலும் அதே தொடர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒட்டிய துண்டாக இருக்கலாம். வைரஸின் இரு முனைகளையும் முழுமையாகப் படித்து முடியுங்கள், பலர் அரைகுறையாக விடுவது அங்கேதான். பிறகு வளர்ச்சிக் கணக்கு, மின்னணு நுண்ணோக்கிப் படம், பல இனங்களின் செல்களில் சோதனை. கடைசியில் உயிருள்ள கொசுவுக்கு ஊட்டியும் ஊசி போட்டும் பார்த்து, முட்டைக்கும் உமிழ்நீருக்கும் போகிறதா என்று சோதிக்க வேண்டும்.

வரிசையை ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் சேர்க்கும்போது கொசுவின் இனம், பால், ரத்தம் குடித்திருந்ததா, இடம், தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் சுற்று வைரஸைச் சிறு குழாய்களில் பிரித்து, ஒரு பங்கை வேறொரு கட்டடத்தின் மைனஸ் 80 பெட்டியில் வையுங்கள். எய்லாட் வைரஸ் பிடிபட்டதற்கும் விளக்கப்பட்டதற்கும் நடுவில் 30 ஆண்டுகள் போல ஓடிவிட்டன. அத்தனை காலமும் ஒரு குழாயில் உறைந்து கிடந்ததால்தான் 2012-இல் ஆராய முடிந்தது.